மிக்சர் சித்தப்பாவும் மற்ற இருவரும்

ஒரு மாதம் முழுக்க, இல்லாத இரண்டு ஆட்களுக்கு நான் வேலை போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது, எந்த நாள் ஓய்வு எல்லாம் ஒழுங்காகக் கணினியில் இருந்தது. ஒரு நாள்கூட அவர்கள் தாமதமாக வந்ததில்லை. முதலாளியிடம் நான் பெருமையாகச் சொன்னதுகூட உண்டு, மற்ற ஆட்களும் இவர்கள் மாதிரி இருந்தால் நமக்குத் தொல்லையே இல்லை என்று.

அதற்கு முன்னால் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். வீட்டு வரைபடங்களைப் பெரிய தாளில் எடுக்க ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வருவார். ஒரு நாள் கணினியில் வேலைத் திட்டம் போடத் தெரியுமா என்று கேட்டார். ஜெராக்ஸ் கடையில் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வோம், ஆள் திரும்பிப் போய்விடக் கூடாது பாருங்கள். தெரியும் என்றேன். அடுத்த மாதமே அவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் பாடம் நடத்தியவர் விமான நிலையம், மெட்ரோ ரயில் என்றே உதாரணம் சொல்வார். எங்களிடம் இருந்ததோ கீழக்கரையில் ஒரு வீடு, கமுதியில் ஒரு மிளகாய்க் குடோன், உப்பூர் பக்கம் ஒரு மீன் ஏலக் கூடம்.

அந்த மென்பொருளைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிக் கோப்பு. ஆட்களுக்கும் இயந்திரங்களுக்கும் மட்டும் எல்லாக் கட்டடத்துக்குமாகச் சேர்த்து ஒரே பொதுப் பட்டியல். எந்தக் கோப்பில் ஆள் தேவைப்பட்டாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு இடத்தில் போட்டுவிட்டால் அவர் பெயர் சிவப்பாகிவிடும். கல்யாண வீட்டில் ஒரே சமையல்காரரிடம் இரண்டு பேர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் என்ன ஆகுமோ அதை முன்கூட்டியே சொல்லிவிடும். அதன் சாமர்த்தியம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு இடமும் உண்டு. நான் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் விடமாட்டேன், அதில் ஏற்றிவிடுவேன். "மணல் வருதுன்னு சொன்னாக, சொன்னவுகளே வரலை" என்று ஒரு கொத்தனார் சொன்னது இன்னமும் அந்தக் கோப்பில் இருக்கிறது. தாமதத்துக்கு அதைவிடத் தெளிவான காரணத்தை என்னால் எழுத முடியாது.

பட்டியலுக்கான ஆட்களை மூன்று இடத்து சூப்பர்வைசர்களும் வாட்ஸப்பில் குரலாக அனுப்பினார்கள். கமுதிக்காரர் அனுப்பியதில் 'மிக்சர் சித்தப்பா' இருந்தார். உப்பூர்க்காரர் அனுப்பியதில் 'மிக்சர் அண்ணன்'. கீழக்கரையிலிருந்து 'மிக்சர் காக்கா' வந்தார். அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். காங்கிரீட் கலக்கும் மெஷினை ஓட்டுகிற ஆளைத்தான் மூவரும் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. இடத்துக்கு ஒருவர், மொத்தம் மூன்று பேர் என்று ஏற்றிக்கொண்டேன். அதுவரை நான் எந்தக் கட்டடத்தையும் போய்ப் பார்த்தவள் இல்லை, எங்களிடம் மெஷின் எத்தனை என்று கேட்கவும் தோன்றவில்லை. அந்த மாதம் மூன்று இடத்திலும் காங்கிரீட் வெவ்வேறு நாளில் விழுந்துகொண்டிருந்ததால் என் குட்டு உடையாமல் ஓடியது.

பிறகு ஒரு வியாழக்கிழமை வந்தது. மூன்று இடத்திலும் மேல்தளம் போட அதே வியாழன்தான் வேண்டும் என்றார்கள். கமுதி மிளகாய் வியாபாரிக்குக் காலண்டரில் நல்ல நேரம் அன்றைக்கு. உப்பூரில் அன்று கடலுக்குப் போகாத நாள், காங்கிரீட் சட்டி தூக்க ஊர் ஆட்கள் கிடைப்பார்கள். கீழக்கரை வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். வெள்ளி ஜும்ஆ தொழுகை, சனிக்கிழமை சாயங்காலம் அவர் மதுரைக்குக் கிளம்பி விமானம் ஏற வேண்டும். அவருக்கும் வியாழனை விட்டால் நாள் இல்லை. எனக்கென்ன கவலை? மூன்று தளம், மூன்று ஆள். திரையில் ஒரு சிவப்பு இல்லை. அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை டீசல் சீட்டு வாங்க ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சட்டைக் காலரில் சிமெண்ட் காய்ந்து போயிருந்தது. சீட்டு எழுதும்வரை சுவரில் இருந்ததைப் படித்துக்கொண்டு நின்றார்.

"ஏந் தாயி, இந்த மிக்சர் சித்தப்பா யாரு?"

"கமுதி ஆளு."

"மிக்சர் அண்ணன்?"

"அவரு உப்பூர்ல இருக்காரு."

"காக்கா?"

"கீழக்கரை."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் யாரு?"

"நீங்க யாருண்ணே?"

"மெஷின் ஒண்ணுதான தாயி இருக்கு. அதை ஓட்டுறவன் நான் ஒருத்தன்தான."

எழுதிக்கொண்டிருந்த டீசல் சீட்டை நிறுத்தினேன். அவருக்கோ ஒரு கோபமும் இல்லை. சுவரின் அருகே போய் மூன்று வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வேண்டிய சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல அத்தனை கனிவு முகத்தில்.

"இதுல எவனாச்சும் லீவு எடுத்துருக்கானா?"

"இல்லைண்ணே."

"எடுக்க மாட்டான், எனக்குத் தெரியும். மூணு பேரா இருக்கேன்னு எம் பொண்டாட்டிக்குச் சொல்லாத தாயி. ஒருத்தனையாச்சும் வீட்டுக்கு அனுப்பும்பா."

உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். ஒரு தடவை இருமிவிட்டு, புழங்காத பெட்டியைத் திறந்து எடுப்பதுபோலச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதினாலும் பயனில்லை, அவரோடு பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கே அது யாரென்று தெரியாது. எங்கள் பக்கம் ஆளைப் பார்த்ததும் முதலில் முறைதான் வைப்போம். முறை வைத்த பிறகு பெயர் எதற்கு?

மூன்று பேரையும் ஒருவராக்கினேன். அந்தக் கணமே வியாழக்கிழமை மூன்று கோப்பிலும் மிளகாய்ப் பழம் காயப்போட்ட களம் மாதிரி சிவந்துவிட்டது. மோதலைத் தானே தீர்த்துவைக்க அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. வீடியோக்காரர் அதை மிகவும் புகழ்ந்திருந்தார். அமுக்கினேன். கமுதிக்கு வியாழன், உப்பூருக்குச் சனி, கீழக்கரைக்கு அடுத்த திங்கள் என்று ஒரு நொடியில் தள்ளி வைத்துவிட்டது. இடையிடையே மெஷினை டிராக்டரில் கட்டி இழுத்துப் போக ஒவ்வொரு நாள். கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. அது ஆளைத்தான் பார்த்தது. விமானத்தைப் பார்க்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்?

செவ்வாய்க்கிழமை காலையிலேயே கீழக்கரை வீட்டுக்காரர் நேரில் வந்துவிட்டார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. சண்டை போட வருகிறவர் பழத்தோடு வந்தால் நமக்குப் பேச்சு எழும்பாது.

"திங்கக்கெழமைன்னு சொன்னாங்க தங்கச்சி. திங்கக்கெழமை நான் அங்கன டூட்டியில நிப்பேன்."

"தெரியும்ணே. தளம் நல்லபடியாப் போட்டுடுவாங்க. வீடியோவுல காட்டச் சொல்றேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பழப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனதை வீடியோவுல பாத்தேன். நிலை வச்சதை வீடியோவுல பாத்தேன். எம் மகன் நடந்ததையும் வீடியோவுலதான் பாத்தேன், அதை விடுங்க. இந்த வீட்டுல ஒரு காங்கிரீட்டாவது எங் கண்ணு முன்னால விழணும்னுதான் இந்த மாசத்துல லீவு கேட்டு வாங்குனேன். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

பிறகு அவரே சங்கடப்பட்டு, "பழம் சாப்புடுங்க, மதீனா பழம்" என்றார்.

அவர் போன பிறகு முதலாளியிடம் கேட்டேன். "நீதான் பிளானிங்கு, நீ பாத்துக்க" என்று உள்ளே போய்விட்டார். முதலில் கமுதி வியாபாரிக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்றேன்.

"சனிக்கெழமையா? ஏம்மா, மிளகாய் குடோனுக்குச் சனிக்கெழமை தளம் போட்டா விளங்குமா? காலண்டர்ல வியாழன் ஆறரைலேர்ந்து ஏழரைன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கான்."

"ஒரு மணி நேரத்துல தளம் முடியாதுங்களேய்யா. சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

"முடிக்கவா சொன்னேன்? ஆறரைக்கு ஆரம்பிக்கத்தான சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல நேரத்துக்குத் தேவை ஒரு சட்டி காங்கிரீட்தான். மீதித் தளம் எந்த நேரத்தில் விழுகிறது என்று காலண்டர் கவலைப்படவே இல்லை. உடனே நம் மிக்சர்காரருக்குப் போன் போட்டு, முதல் சட்டியை மட்டும் வியாழன் போட்டு, மீதியைச் சனிக்கிழமை போட்டால் தளம் தாங்குமா என்று கேட்டேன்.

"தளத்துல போட்டீன்னா ஒட்டாது தாயி, வெடிப்பு விட்டுரும். ஈசானிய மூலைத் தூணுக்கு மேல ஒரு முழம் போடாம நிக்குது. அதைக் கையாலயே கலந்து போட்டு விடச் சொல்லு. எப்படியும் அதைப் போட்டுத்தான ஆகணும். மெஷினே வேணாம்."

வியாபாரியிடம் திரும்பவும் பேசினேன். மூலையின் பெயரைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது.

"ஈசானியத்துலயா ஆரம்பிக்கிறீய?"

"ஆமாங்கய்யா."

"அதை மொதல்ல சொல்றதுக்கென்ன," என்று வைத்துவிட்டார்.

மென்பொருளில் ஒரு வேலையை இரண்டாக வெட்டிப் போடலாம். கமுதித் தளத்தை வெட்டினேன். வியாழன் ஆறரைக்கு ஒரு துணுக்கு, சனிக்கிழமை மிச்சம். உப்பூர் சூப்பர்வைசரிடம் அடுத்து கடலுக்குப் போகாத நாளான செவ்வாய்க்குத் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். "சரிக்கா. நீங்க சொன்னாச் சரி" என்றார். ஒரு சூப்பர்வைசர் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னால் ஆபத்து என்பது அப்போது எனக்குத் தெரியாது. கீழக்கரைக்கு வியாழன். வெள்ளிக்கிழமை டிராக்டர்க்காரர் மெஷினைக் கமுதிக்கு இழுத்துப் போகட்டும் என்று வைத்து, மிக்சர்காரருக்கு அன்று லீவு போட்டேன். அவர் வீடு முதுகுளத்தூர் பக்கம், போகிற வழிதான். திரையில் சிவப்பே இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கீழக்கரையிலிருந்து போன். காலையில் எங்கள் ஷெட்டிலிருந்து கிளம்பிய மெஷின் இன்னும் வரவில்லை. மிக்சர்காரருக்குப் போட்டேன். பின்னால் கடல் காற்று கேட்டது.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"உப்பூர்லதான் தாயி. சூப்பர்வைசர் தம்பி சாப்புடக் கூப்பிட்டான்."

"சாப்பிடப் போனீங்க சரி, மெஷின் எங்கே?"

"எங்கூடத்தான் இருக்கு. அதை எங்கன விட்டுட்டு வர?"

முதலாளியிடம் ஓடினேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது தெரியாதா உனக்கு? முந்தின நாள் அவரு எந்த சைட்டுல சாப்புடுறாரோ அங்கனதான் மறுநாள் மெஷின். இத்தனை வருசமா நம்ம கம்பெனி அப்பிடித்தான ஓடுது."

நானும் வீடியோக்காரரும் சேர்ந்து எத்தனையோ ராத்திரி கண் விழித்துப் படித்த விஷயத்தை உப்பூர்க்காரர் ஒரு சட்டி நண்டுக் குழம்பில் முடித்துவிட்டார். இத்தனை நாள் எங்கள் நிறுவனத்தில் பொதுப் பட்டியல் என்று ஒன்று இல்லாமல் இல்லை. அது அடுப்பங்கரையில் இருந்திருக்கிறது.

திரும்பவும் மிக்சர்காரரைப் பிடித்தேன்.

"அண்ணே, அவரு சனிக்கெழமை ஊருக்குப் போறாருண்ணே. நாளைக்குத் தளம் விழலைன்னா அவரு பாக்கவே முடியாது."

"தெரியும் தாயி. எனக்கு மட்டும் ஆசையா? நண்டைத் தின்னுபுட்டு மெஷினைக் கழட்டிட்டுப் போறேன்னு எப்பிடிச் சொல்றது? நாளைப்பின்ன அவன் மூஞ்சில முழிக்க வேணாமா?"

அவர் சொல்வதும் நியாயம். திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். பழைய அச்சுத் தாள் இன்னும் சுவரில் ஒட்டியபடி இருந்தது. மூன்று பேரும் அதில் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணே, உப்பூர்ல சாப்பிட்டது யாரு?"

"நாந்தான்."

"இல்லைண்ணே. அங்க சாப்பிட்டது மிக்சர் அண்ணன். காக்கா இன்னும் சாப்பிடலை. கீழக்கரைல சஹன் வச்சுக் காத்துக்கிட்டு இருக்காங்க, ஒரு ஆளு குறையுதாம்."

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். கீழக்கரை விருந்தில் மூன்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆள் குறைந்தால் நன்றாக இருக்காது. சொல்லிவிட்டேனே தவிர, அங்கே அன்றைக்கு ரசம்தானோ என்னவோ.

அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு போனை வைக்காமலே யாரிடமோ பேசுவது கேட்டது. "ஏலே, காக்காவை அங்கன தேடுறாகளாம்ல. அவனை அனுப்பிட்டு, அண்ணன் செவ்வாக்கெழமை வாரேன்." உப்பூர் சூப்பர்வைசரின் குரலும் கேட்டது. "அப்பச் செவ்வாக்கெழமைக்கு முந்தின நாளே வந்து சாப்புட்டுரணும், இப்பவே சொல்லிட்டேன். அந்த அக்காவை எழுதி வைக்கச் சொல்லு."

எழுதி வைத்தேன். உப்பூர்க் கோப்பில் திங்கட்கிழமைக்கு நேராக 'நண்டு' என்று ஒரு வேலை ஏறியது, அரை நாள். கையோடு கீழக்கரைக்குப் போன் போட்டு, ராத்திரி ஏழு மணிக்குள் ஒரு சஹன் ஏற்பாடு செய்யுங்கள், ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள் என்றேன். வீட்டுக்காரர் கேட்கவில்லை. "நெய்ச்சோறு போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை முதல் தடவையாக நான் ஒரு சைட்டுக்குப் போனேன். ஆறே முக்காலுக்குக் கமுதியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. தூணின் தலையில் ஈரக் காங்கிரீட், அதற்கு மேல் சந்தனம், பக்கத்தில் மிளகாய் வியாபாரி மாலை போட்டுக்கொண்டு நின்றார். கீழக்கரையில் மெஷின் அதற்குள் உருள ஆரம்பித்திருந்தது. கல்லும் மணலும் உள்ளே புரளுகிற சத்தத்தில் பேசுவது கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். சட்டி சட்டியாகக் கைமாறி மேலே போயிற்று.

வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. கம்பிக்கு நடுவில் பலகை போட்டு அவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? போனை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வளைகுடாவில் அவரோடு அறையில் தங்கியிருக்கிற ஆறு பேர், டூட்டிக்குப் போகுமுன் திரையில் முண்டியடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மேல காட்டு, மேல காட்டு" என்று ஒரே சத்தம். இவர் இங்கே திருப்புவார், அங்கே திருப்புவார். பத்து மணி ஆயிற்று. தளத்தில் கால் பங்கு விழுந்துவிட்டது. அவர் அதையும் போன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிக்சர்காரர் மெஷினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதலாளி, ஒரு சந்தேகம். லீவு உங்களுக்கா, போனுக்கா?"

வீட்டுக்காரர் போனைக் கீழே இறக்கினார்.

"போனை அந்தத் தங்கச்சிகிட்டக் குடுங்க. நீங்க இங்கன வாங்க. சட்டி பிடிக்கத் தெரியுமா?"

போன் என் கைக்கு வந்தது. அந்த ஆறு பேருக்கும் நான் காட்டினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். முதல் சட்டியிலேயே பாதியைத் தன் காலில் கொட்டிக்கொண்டார். திரையில் ஆறு பேரும் சிரித்துச் சிரித்து, அதில் ஒருவர் டூட்டி பஸ்ஸை விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மத்தியானத்துக்குள் இவருக்குச் சட்டி பழகிவிட்டது. கடைசிச் சட்டி போகும்போது யாரும் சொல்லாமலே வரிசை நின்று அதை அவர் கையில் கொடுத்தது. அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொட்டினார். கொத்தனார் மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்தினார். அவ்வளவுதான். தேநீர் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்கு ஒரு பெண் குரல். மிக்சர்காரரின் மனைவி.

"ஏம்மா, இவருக்கு லீவு குடுத்தது நீங்கதானா?"

"ஆமாக்கா." நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"காலையிலேர்ந்து கிரைண்டரைக் கழட்டிப் போட்டு உக்காந்துருக்காரு. நல்லாத்தான் ஓடிக்கிட்டுருந்துச்சு. எங்கனயாச்சும் ஒரு சைட்டுக்குக் கூப்பிட்டுக்கங்களேன்."

சனிக்கிழமை சாயங்காலம், கமுதித் தளம் முடிந்துவிட்டது என்று போன் வந்த கொஞ்ச நேரத்தில், வாசலில் ஒரு கார் நின்றது. கூரையில் பெட்டிகள் கட்டியிருந்தன. மதுரை போகிற வழியில் கீழக்கரை வீட்டுக்காரர் இறங்கி வந்தார். காலில் அதே செருப்பு, சிமெண்ட் இறுகிச் சாம்பல் நிறத்தில்.

"வீட்டுல கழுவித் தரேன்னு நின்னாங்க. வேணாம்னுட்டேன். அங்கன ரூம்ல காட்டணும்ல."

பிறகு என் கணினியைக் கண்ணால் காட்டினார்.

"எல்லா வேலையும் இதுலதான் இருக்குன்னு காக்கா சொன்னாரு. எங்க வீடு எது?"

மூன்று கோப்புகளையும் சேர்த்துத் திறந்து வைத்திருந்தேன். நடுவில் ஒரு சின்ன நீலக் கோடு. வியாழக்கிழமைக்கு நேராக, முழுதும் முடிந்தது என்ற அடையாளத்தோடு. விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதா?"

"இதுதாண்ணே."

"இத்தினிக்கூண்டா இருக்கு."

அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் நின்ற பகல் அது, எனக்கும் அது சின்னதாகத்தான் பட்டது. சுட்டியை உருட்டிப் பெரிதாக்கினேன். வாரம் போய் நாள் வந்தது, நாள் போய் மணி வந்தது. கமுதி ஒரு பக்கம் ஒதுங்கிற்று, உப்பூர் நண்டு மறுபக்கம் ஒதுங்கிற்று. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அந்த ஒரு கோடு மட்டும் நின்றது.

"ம்," என்றார். வெளியே காரில் ஹாரன் அடித்தார்கள். "இப்பச் சரியா இருக்கு."